குடிக்கிறது நான்தான்

பவுலினுக்கு நாற்பத்திரண்டு வயது. நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கொழுந்து எடுக்கிறாள். கணவன் லியனார்ட் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். நத்தார்ப் பண்டிகைக்கும் திருவிழாவுக்கும்தான் வருவான். மகள் றொசானா உயர்தரம் படிக்கிறாள்.

மழையில் நனைந்து மலை இறங்கி வருகிற நாட்களில் கால் குடைச்சலுக்கு என்று ஒரு வாய் சாராயம் குடிக்கத் தொடங்கினாள் பவுலின். ஐந்தாறு வருடத்தில் அது தினமும் என்று ஆகிவிட்டது. லயத்து வரிசை வீடுகளின் ஆண்கள் வாசலில் உட்கார்ந்து குடித்தார்கள். அவள் குசினிக்குள் விறகுக்குப் பின்னால் போத்தலை வைத்துக் குடித்தாள். ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்குக் குடித்துவிட்டு அப்படியே போய்விட்டாள். ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போதே றொசானா அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள். அதற்குப் பிறகு ஒரு கிழமை அம்மாவோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

குடியை விட உதவும் கூட்டம் ஒன்று ஹட்டனில் நடக்கிறது என்று தோட்டத்து டிஸ்பென்சரிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஞாயிறு பின்னேரம் மூன்று மணி. பவுலின் ஆள் நடமாட்டம் குறையும்வரை காத்திருந்து நம்பரைப் போனில் பதிந்துகொண்டாள். அன்றைக்கே எடுத்துப் பேசினாள்.

"தாராளமா வாங்கம்மா. ஆளையும் கையோட கூட்டிட்டு வந்துருங்க" என்றார் ஒருவர். எந்த ஆள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

அந்த ஞாயிறு பஸ் ஏறிப் போனாள். மண்டபம் பூட்டியிருந்தது. பக்கத்தில் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர், கூட்டம் காலை பத்து மணிக்கு மாறி இரண்டு மாதமாகிறது என்று சிங்களத்தில் சொன்னார். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. போனில் பேசிய மனுசன் நேரத்தைச் சொல்லியிருக்கக் கூடாதா? பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பார் இருந்தது. அதைத் தாண்டிப் போகத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். வேறு பாதையில் சுற்றிப் போனாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் மழையில் நின்றாள்.

அடுத்த கிழமை தேவாலயப் பூசைக்குக்கூடப் போகாமல் பத்து மணிக்கே போய்ச் சேர்ந்தாள். வட்டமாகக் கதிரைகள் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு ஆண்கள். கூட்டத்தை நடத்தியவர் யோகேஸ்வரன், தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், குடியை விட்டு ஒன்பது வருடமானவர். போனில் கேட்ட அதே குரல்.

"வாங்கம்மா. வீட்டுக்காரர் வெளியில நிக்கிறாரா?"

"அவரு கொழும்புல இருக்காரு."

"அப்ப மகனா?"

"யாரும் இல்லீங்க. குடிக்கிறது நான்தான்."

ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். யோகேஸ்வரன் கடைசிக் கதிரையைக் காட்டினார்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஜூட்சன் என்ற லொறி டிரைவர் வண்டியோடு பள்ளத்தில் விழுந்த கதையை அரை மணி நேரம் சொன்னான். அவனும் அன்றைக்குத்தான் முதல்முறை வந்திருந்தான். எல்லாரும் கை தட்டினார்கள். பவுலினுடைய முறை வந்ததும் யோகேஸ்வரன், "அம்மா புதுசு. இன்னிக்குக் கேட்டுக்கிட்டு இருக்கட்டும்" என்று சொல்லிப் பிரார்த்தனைக்கு எழுந்தார்.

"ஐயா, அந்தத் தம்பியும் இன்னிக்குத்தானே வந்தாரு?"

அவர் திரும்ப உட்கார்ந்தார்.

"எம் பேரு பவுலின். நான் கடைசியா குடிச்சு இன்னியோட ஆறு நாளாச்சு. கை நடுங்குது, கொழுந்த ஒழுங்கா கிள்ள முடியல. கங்காணி ஏசுறாரு. ராத்திரி தூக்கம் இல்ல. மக மூஞ்சியப் பாக்க முடியல."

எதிரே இருந்தவர் கேட்டார்: "பொம்பளப் புள்ளய வச்சிக்கிட்டுமா குடிச்சீங்க?"

"உங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

"மூணு."

யாரும் கை தட்டவில்லை.

முடிந்து போகும்போது வாசலில் யோகேஸ்வரன் மெதுவாகச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. நீங்க இருந்தா இவங்க மனசு விட்டுப் பேச மாட்டாங்க. பொம்பளைங்களுக்குன்னு தனியா ஒரு கூட்டம் வைக்கலாம்னு இருக்கோம்."

"எப்ப?"

"பாப்போம்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய? குடிச்சிக்கிட்டு இருக்கவா?"

அவள் விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிறு கூட்டத்துக்குப் போய்வந்துவிட்டாள். நடுவில் ஒரு புதன்கிழமை குடித்தாள். அதையும் கூட்டத்தில் சொன்னாள். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கான கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. வேறு ஒரு பெண்ணும் வரவில்லை.

எங்கே போகிறாள் என்பதைப் போன கிழமைதான் றொசானாவிடம் சொன்னாள்.

"அங்க போனா நிப்பாட்டிருவீங்களா?"

"தெரியல. அங்க இருக்கிற ரெண்டு மணி நேரம் குடிக்கல."

"ரெண்டு மணி நேரந்தானா?"

பவுலினுக்குக் கோபம் வந்துவிட்டது. "பஸ்ஸுல போயி வார நேரத்தையும் சேத்துக்க!"

றொசானா சிரிக்கவில்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை அயன் பண்ணி முடித்துவிட்டு, அம்மா ஞாயிற்றுக்கிழமை உடுத்துகிற சாரியையும் எடுத்து மேசையில் விரித்தாள்.