தெரியாது என்று முதலில் சொன்னவர்

செய்தி பரமேஸ்வரி அக்காவின் எண்ணிலிருந்தே அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. எழுதியவர் அவர் மகள். "அம்மா காலையில தூக்கத்திலயே போயிட்டாங்க. வலி இல்ல." இரண்டாவது வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். பெக்கோக், சாஆ ஊர்களிலிருந்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது அவர் கவுண்டரில்தான் நின்றீர்கள்.

காகிதம் எல்லாம் கணினிக்குப் போகும் என்று உத்தரவு வந்த சமயம். இணையப் பயிற்சியும் அதன் முடிவில் ஒரு தேர்வும் கட்டாயம். எங்கள் வழக்கப்படி, சக ஊழியன் அஸ்மி ஒருவனே எல்லோருக்குமான தேர்வையும் எழுதினான். கூலி, ஒரு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. எல்லோரும் தேர்ச்சி. யாருக்கும் எதுவும் தெரியாது. நான் பட்டதாரி, வயதில் சிறியவள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று முடிவு செய்திருந்தார்கள். எனக்கும் தெரியாது.

ஜொகூர் பாரு தலைமை அலுவலகத்திலிருந்து ரவீந்திரன் என்ற அதிகாரி வந்து கூட்டம் போட்டார். திங்கட்கிழமை முதல் புதிய முறை, கவுண்டரில் அக்கா தனியாக என்றார். தெரியாது என்பவர்களை வேறு ஊருக்கு மாற்றுவார்கள் என்று பேச்சு. அக்காவுக்குப் பக்கத்து ஊரான பாலோவில் வீடு, நடக்க முடியாத கணவர். ஆனாலும் எழுந்து நின்றார்.

"சார், எனக்கு இது தெரியாது."

"சர்டிபிகேட் இருக்கேக்கா?"

"சர்டிபிகேட் என்னோடது. பரீட்சை எழுதுனது நாசி லெமாக் லா."

அஸ்மிக்குத் தமிழ் தெரியாது. நாசி லெமாக் மட்டும் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். ரவீந்திரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேறு யாருக்குத் தெரியாது என்று மலாயில் கேட்டார். நான் கையை உயர்த்தினேன். பிறகு மற்றவர்கள். கடைசியாக அஸ்மி.

யாரையும் மாற்றவில்லை. திங்கட்கிழமை தள்ளிப்போனது. ரவீந்திரன் எங்களோடு உட்கார்ந்து, மாதிரி விண்ணப்பங்களை நிரப்ப வைத்தார். அக்கா ஒற்றை விரலால் தட்டினார். மெதுவாக. ஆனால் தானே. அதே கவுண்டரிலிருந்துதான் ஓய்வு பெற்றார்.

அழுதேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். வலியில்லாமல் போனார் என்ற நிம்மதிதான் பெரிதாக இருக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, அந்தக் கூட்டம் முடிந்த மதியம். கேன்டீனில் அக்கா மறுபடியும் போய்ச் சோறு வாங்கி வந்தார்.

"இத்தன நாளா தொண்டையில இறங்கல. சொல்லிட்டேன் பாரு, இப்பதான் பசிக்குது."

எனக்கும் பசித்தது. நானும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.