நொறுங்கிய காரின் டிக்கியில் கிடைத்த பாட்டு

ஷார்ஜா தொழில்பேட்டையில் நான் வேலை பார்க்கும் யார்டுக்கு அமெரிக்காவிலிருந்து கண்டெய்னரில் கார்கள் வரும். எல்லாம் விபத்தில் அடிபட்டவை. அங்கே இன்சூரன்ஸ்காரர்கள் கைகழுவியதை எங்கள் முதலாளி ஏலத்தில் எடுப்பார். நாங்கள் இன்ஜின், கதவு, விளக்கு என்று தனித்தனியாகக் கழற்றி ரேக்கில் அடுக்குவோம். பன்னிரண்டு வருஷமாக இதுதான் என் டூட்டி. கார்களுக்குள் என்னென்னவோ கிடக்கும். குழந்தையின் ஒற்றைச் செருப்பு, மூக்குக் கண்ணாடி, யாருக்கோ வாங்கிய பிறந்தநாள் வாழ்த்து அட்டை. எதையும் உற்றுப் பார்க்காமல் குப்பையில் போடப் பழகியிருந்தேன். பழகாவிட்டால் அந்த வேலையில் நிற்க முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு நாள், முன்பக்கம் முழுக்க நசுங்கிய சாம்பல் நிறக் கார் ஒன்றின் டிக்கியைத் திறந்தேன். கைப்பிடி வைத்த சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே விரித்த கையளவு இசைத்தட்டுகள், காகித உறைகளில் வரிசையாக. பாகிஸ்தானிலிருந்து வந்த பட்டாணியரான போர்மேன் எட்டிப் பார்த்தார். "கச்சரா ஹை பாய், ஃபேங்க் தோ" என்றார். குப்பை, தூக்கிப் போடு. நான் போடவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எல்லாத் தட்டுகளையும் யாரோ பென்சிலால் எண் போட்டு அடுக்கியிருந்தார்கள். அவ்வளவு பொறுமையாக அடுக்கியதைக் கலைக்க மனசு வரவில்லை போலிருக்கிறது.

ரூமில் நாங்கள் ஆறு பேர். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்ததும் மேல்கட்டிலில் படுக்கும், என்னோடு யார்டில் வேலை பார்க்கும் விழுப்புரத்துக்காரர் கேட்டார்.

"எந்த வண்டியில எடுத்த?"

"அந்தச் சாம்பல் வண்டி."

"ஏர்பேக்ல ரத்தம் இருந்துச்சே, அந்த வண்டியா? செத்தவன் சாமானை ரூமுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கியே, உனக்கு அறிவிருக்கா?"

"செத்துட்டான்னு யார் சொன்னா?"

"ஸ்டியரிங் எங்க வந்து நிக்குதுன்னு பாத்தல்ல?"

பார்த்திருந்தேன். டிரைவர் சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் என் முன்னங்கை நுழையாது.

தட்டைக் கேட்க வேண்டுமே என்று, பழைய சாமான் விற்கும் ஆப்பில் பிளேயர் தேடினேன். ஷார்ஜாவிலேயே ஒரு வெள்ளைக்காரர் வைத்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஊர், அறுபதை நெருங்கும் வயசு. சரிபார்த்து வாங்குவதற்காகப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொன்றாகப் போட்டார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் பாடும் பாணியை எடுத்துக்கொண்டு காதலையும் பிரிவையும் பாடிய பாட்டுகள் அவை. சோல் இசை என்று பெயர். சொந்த ஊரில் விலைபோகாத அந்தப் பாட்டுகளைத் தேடித் தேடி வாங்கி, அவற்றுக்கு ஆடுவதற்கென்றே அவர் ஊர்ப்பக்கம் ஒரு கூட்டம் இருந்ததாம். அதில் வளர்ந்தவர் அவர். பதினோராவது தட்டு வரை பேசிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டாவதைப் போட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஒரு பெண்ணின் குரல். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அவள் யாரையோ போகாதே என்கிறாள், அவன் ஏற்கெனவே போய்விட்டான், அது அவளுக்கும் தெரியும் என்பது மட்டும் தெரிந்தது. பாட்டு முடிந்த பிறகும் தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் ஊசியை எடுக்கவில்லை. "நாற்பது வருஷமாகத் தேடுகிறவர்களுக்குக்கூட இப்படி ஒரு தட்டு இருப்பது தெரியாது" என்று அவர் சொன்னதையும் அதற்கு முன் பேசியதையும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கூட்டிப்போன இடத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா எனக்குத் தமிழில் விளக்கினார்.

துபாயில் ஒரு காபிக்கடையின் பின்னறையில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு மத்தியானம் இந்தப் பாட்டுப் பிரியர்கள் கூடுவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். வாத்தியார்தான் நடத்துபவர். அக்கா ஒரு கார்கோ ஆபீசில் வேலை பார்ப்பவர். கனடாவில் இருக்கும் மாமா அனுப்பிய கேசட்டுகளில் சின்ன வயதிலேயே இந்தப் பாட்டில் விழுந்தவர். என் தட்டின் சங்கதி பரவியதும் மஸ்கட்டிலிருந்தும் தோஹாவிலிருந்தும் ஆள் வந்தது. சவூதியின் தம்மாமிலிருந்து ஒருவர் காரோட்டிக்கொண்டு வந்தார். மூன்று நிமிஷப் பாட்டுக்காக நாட்டு எல்லையைத் தாண்டி வந்தவர், இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சாயங்காலமே திரும்பிப் போனார். யார்டில் என்னை "ஏய்" என்று கூப்பிடுவார்கள். அந்த அறையில் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் பாட்டு ஓடும்போதெல்லாம் எனக்கு அந்த ஏர்பேக் ஞாபகம் வந்தது. ஒருநாள் தாங்காமல் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"இதின்ர சொந்தக்காரர் உயிரோட இருக்கிறாரோ எண்டு உங்களுக்குத் தெரியாது, என்ன?"

"தெரியாதுக்கா. தெரிஞ்சுக்கவும் பயமா இருக்கு."

"பயந்துகொண்டு எத்தினை நாள் கேப்பியள்? சேஸ் நம்பரைத் தாங்கோ தம்பி. பேப்பர் தேடுறதுதானே என்ர வேலை."

யார்டு நோட்டில் இருந்த சேஸ் நம்பரை, அதாவது வண்டியின் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்தேன்; எந்த ஊரில் ஏலம் போனது என்று கண்டுபிடித்தார். ஆள் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டாவது தட்டின் உறையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் பெயர் பேனாவில் எழுதியிருந்தது. அதே ஊரில் அப்படி ஒரு தேவாலயம் இருந்தது. அக்கா கடிதம் எழுதினார். நாலு வாரம் பதில் இல்லை. அந்த நாலு வாரமும் அக்கா போன் செய்தால் எடுக்கத் தயங்கினேன். பதில் வரக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வந்தது. எழுதியவர் ஒரு பெண். கார் அவருடைய அண்ணனுடையது. ஆள் பிழைத்துவிட்டார், கம்பு ஊன்றி நடக்கிறார். அன்றைக்கு அந்தப் பெட்டியை முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவிடம் எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். அந்தத் தட்டில் பாடியது அந்த அம்மாதான், பத்தொன்பது வயதில். அச்சடித்த தட்டுகளில் பெரும்பாலானவை குடோனுக்குள் வெள்ளம் புகுந்து போய்விட்டன. வீட்டில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. கார் எங்கே போனது என்று விசாரித்து விசாரித்து ஓய்ந்திருந்தார்கள். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். அம்மாவுக்கு இப்போது நிறைய மறந்துபோகிறது, முடிந்தால் சீக்கிரம்.

அக்கா அதை வாசித்து முடித்தார். ஆள் சாகவில்லை என்ற நிம்மதி ஒரு நொடிதான். உடனே அடுத்த பயம் பிடித்துக்கொண்டது: தட்டை அனுப்ப வேண்டுமே, வழியில் உடைந்தால்?

அக்கா விஷயத்தைச் சொன்னதும் வாத்தியார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "பதிவு செய்து பாட்டை அனுப்பலாம். தட்டை அனுப்பாதே. வழியில் தொலைந்தால் உலகத்தில் வேறு இல்லை." பிறகு, "எனக்கு ஸ்கூலில் கான்ட்ராக்ட் முடிகிறது. ஜூலையில் ஊருக்குப் போகிறேன். இந்தத் தட்டு இருப்பதால்தான் ஆட்கள் வருகிறார்கள். இதுவும் போனால் இந்தக் கூட்டம் அடுத்த வருஷம் இருக்காது" என்றார். அவர் என்னை ஏமாற்றப் பார்க்கவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் கடைசியில் ஒரு நாள் யார்டில் இருக்கும்போது, நாங்கள் தங்கும் கேம்ப் கட்டிடத்தில் கரண்ட் போய்விட்டதாகக் குரூப்பில் மெசேஜ் வந்தது. எப்போது வரும் என்று தெரியாது. ஏசி இல்லாமல் மொட்டைமாடியில் இருக்கும் அந்தத் தகர ரூம் ஒரு மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். இந்தத் தட்டுகள் சூட்டில் அப்பளம் மாதிரி வளைந்துவிடும் என்று வாத்தியார் முதல் நாளே எச்சரித்திருந்தார். போர்மேனிடம் லீவு கேட்டேன். மாட்டேன் என்றார். மத்தியான இடைவேளை விட்டதும் ஓடினேன். இருபது நிமிஷ நடை, நான் நடக்கவில்லை. கண்ணுக்குள் வேர்வை இறங்கி வழி தெரியவில்லை.

ரூம் திறந்து கிடந்தது. கட்டிலுக்கு அடியில் பெட்டி இல்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கதவருகில் நைட் டூட்டி முடித்து ஈரத்துண்டைப் போர்த்திப் படுத்திருந்த ஆள் கண்ணைத் திறக்காமல் சொன்னான். "கீழ மலையாளி கடையில பாரு."

கீழே மளிகைக் கடையில், அன்று லீவில் இருந்த விழுப்புரத்துக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், குளிர்பானம் வைக்கும் கண்ணாடி ஃப்ரிட்ஜுக்குள், மோர் பாக்கெட்டுகளுக்கு நடுவில், என் பெட்டி.

"வேற எங்கடா வைக்கச் சொல்ற? இந்தக் கட்டிடத்துல ஜெனரேட்டர் இருக்கறது இவன்கிட்டதான்" என்றார். "ரெண்டு மணி நேரமா காவல் காக்கறேன். ஒவ்வொருத்தனும் பெப்சி எடுக்கறேன்னு இத நவுத்தறான்."

"செத்தவன் சாமான்னு சொன்னீங்க?"

"அதான் சாகலன்னு லெட்டர் வந்துச்சுன்னியே. உயிரோட இருக்கறவன் சாமான கெடுக்கலாமா?"

பெட்டியை எடுத்துத் திறந்தேன். உறைகள் ஈரம் கோத்திருந்தன. மேலே இருந்த இரண்டு தட்டுகள் ஃப்ரிட்ஜுக்குப் போவதற்கு முன்பே வளைந்துவிட்டன. பன்னிரண்டாவதை வெளிச்சத்தில் கிடையாகப் பிடித்துப் பார்த்தேன். தட்டையாக இருந்தது. இன்னொரு முறை பார்த்தேன்.  விழுப்புரத்துக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஒழுங்கா அனுப்பிடு. இன்னொரு தடவ என்னால காவல் காக்க முடியாது" என்றார்.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் செய்தேன். அடுத்த நாளே வாத்தியார் வீட்டில் பாட்டைப் பதிவு செய்துகொண்டோம். அவரே தன்னிடமிருந்த நல்ல பிளாஸ்டிக் உறை ஒன்றைத் தேடி எடுத்து அதில் போட்டார். அக்கா இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து நாலு பக்கமும் டேப் சுற்றினார். பார்சல் கிளம்பியது. மூன்றாம் நாள் ஏதோ ஓர் ஐரோப்பிய விமான நிலையத்தில் நின்றது. நாலு நாள் அசையவில்லை. டூட்டியில் கையுறையைக் கழற்றிக் கழற்றிப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று பத்துத் தடவையாவது நினைத்தேன்.

எட்டாம் நாள் போய்ச் சேர்ந்தது. கடிதம் எழுதிய மகள் ஒரு வீடியோ அனுப்பினார். சக்கர நாற்காலியில் மெலிந்த ஓர் அம்மா. பாட்டு ஓடுகிறது. முகத்தில் ஒன்றுமே இல்லை. பாட்டு அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது, காலம் கடந்துவிட்டது என்று நினைத்தேன். பாட்டு பாதிக்கு வந்தபோது அந்த அம்மா முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னார். மகள் சிரிக்கிற சத்தம். அக்கா எனக்குச் சொன்னார். "டிரம்ஸ் அடிக்கிற பெடியன் அண்டைக்கும் இப்பிடித்தான் அவசரப்பட்டவனாம்." மற்ற தட்டுகளைப் பற்றி, கார் வைத்திருந்த அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார்: பாட்டுக் கேட்கிறவர் கையிலேயே இருக்கட்டும்.

வாத்தியார் ஜூலையில் போனார். அவர் சொன்னது பாதிக்குமேல் பலித்துவிட்டது. பதிவை வைத்துப் பாட்டைப் போட்டோம்; தட்டு இல்லாமல் கேட்பதற்கு வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாமே என்று சிலர் நின்றுவிட்டார்கள். தம்மாம்காரர் இப்போது வருவதில்லை. ஒருவருக்கு வேலை போனது, ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். இந்த ஊரில் எந்தக் கூட்டமும் விசா உள்ளவரைதான். அக்காவின் கனடா மனு எப்போது வேண்டுமானாலும் முடிவாகலாம். என் விசா வருகிற பிப்ரவரியில் தீர்கிறது. யார்டை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு; அப்போது எங்களில் எத்தனை பேரை வைத்துக்கொள்வார்கள் என்று முதலாளி வாயைத் திறப்பதில்லை. எனக்கு ஏதாவது ஆனால் பெட்டி யாருக்கு என்று ஒரு காகிதத்தில் எழுதத் தொடங்கினேன். பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர்தான். அதில் இரண்டு பேர் புதுசு. ஓர் எத்தியோப்பியப் பெண்ணும், அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் நர்ஸும். ஆடலாமா என்று கேட்டார்கள். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினோம். நான்தான் தட்டுகளை மாற்றினேன். இப்போதெல்லாம் என் வேலை அது. ஒவ்வொரு தடவையும் ஊசியை மெதுவாகக் கீழே வைக்கிறேன். கீறிவிடுமோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

முடித்துவிட்டு வயர்களைச் சுருட்டும்போது காபிக்கடைக்காரர் வந்து கேட்டார், அந்த அறையை வேறு யாரோ வகுப்பு நடத்தக் கேட்கிறார்களாம், இரண்டு வாரம் கழித்து எங்களுக்கு வேண்டுமா என்று. நான் அக்காவைப் பார்த்தேன்.

"வேணும்" என்றார் அக்கா.

"எத்தனை பேர் வருவீர்கள்?"

அக்கா அந்த நர்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு பத்துப் பேர் எண்டு சொல்லுவம்" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் பத்து என்றார். அவர் நம்பிக் குறித்துக்கொண்டார்.

இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தெரிந்த எல்லோருக்கும் மெசேஜ் போட்டிருக்கிறேன். இதுவரை மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.