உட்காரும் உயரம்

ஓசூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே வேர்க்கடலை அவித்து விற்கும் தள்ளுவண்டி ஒன்று உண்டு. போன வாரம் பேருந்துக்குக் காத்திருந்தபோது அந்த வாசனை என்னை அதனருகே இழுத்துக்கொண்டு போயிற்று. பாத்திரத்தை மூடியிருந்த தட்டைப் பார்த்ததும் கடலையை மறந்துவிட்டேன். பழுப்பேறிய பித்தளைத் தட்டு. வட்ட வட்டமாக மெல்லிய வரிகள். நடுவில் ஒரு குமிழ், அதன் உச்சியில் ஒரு துளை, துளை வழியே ஆவி. டிரம்ஸில் மாட்டுகிற சிம்பல் அது.

"இது மூடி இல்லப்பா" என்றேன் வண்டிக்காரரிடம்.

"மூடுதுல்ல சார்" என்றார்.

முப்பது வருடம் தொழிற்சாலையில் வாதாடிப் பழகியவன் நான். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அந்தத் தட்டை எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் மாட்ட வேண்டும் என்று ஒரு காலத்தில் எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்திருந்தேன் என்பது இன்னும் சரி.

நான் ஒர்க் ஸ்டடி ஆள். அதாவது, ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, இதை இன்னும் சீக்கிரம் செய்யலாமே என்று எழுதிக்கொடுத்துச் சம்பளம் வாங்குபவன். ஸ்டாப்வாட்ச்சோடு நான் ஷாப்புக்குள், அதாவது மெஷின்கள் ஓடுகிற கூடத்துக்குள், நுழைந்தால் எல்லோருக்கும் ஒரு பொறுமை வந்துவிடும். ஒரு போல்ட்டை எடுப்பார்கள், துடைப்பார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், மறுபடி துடைப்பார்கள். என் அறைக்குத் தானாக வந்தவர்கள் காபி கொண்டுவருபவரும் முனிரத்தினமும் மட்டுமே.

முனிரத்தினம், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். வேப்பனப்பள்ளிப் பக்கம். அப்பா அம்மா இருவரும் மாந்தோப்புகளில் கூலிக்குப் போனவர்கள். ஐந்தடி மூன்றங்குல ஆள். கம்பெனி இன்னிசைக் குழுவின் டிரம்மரும் அவர்தான். குழுவிடம் அப்போது இருந்தது ஒரு சின்ன டிரம்மும் ஒரே ஒரு சிம்பலும். அதை வைத்துக்கொண்டே கல்யாண ஊர்வலம், ரயில், மழை எல்லாம் கொண்டுவந்துவிடுவார்.

எண்பதுகளின் நடுவில் பெரிய செட் வந்தது. பெங்களூரில் கலைந்துபோன ஒரு ராக் குழுவினுடையது. டெம்போவிலிருந்து இறங்கியபோது, ஏதோ புது மெஷினின் உதிரி பாகங்கள் என்று ஸ்டோர்ஸில் பதிவே போட்டுவிட்டார்கள். காலால் அடிக்கிற மிகப் பெரிய டிரம் ஒன்று. முழங்கால்களுக்கு நடுவில் வைக்கிற சின்ன டிரம் ஒன்று. எதிரே மூன்று, வலப்பக்கம் தவலை போலத் தரையில் நிற்பவை இரண்டு, மேலே ஆறு சிம்பல்கள். போதாததற்கு, இடக்காலால் மிதித்துத் திறந்து மூடும் ஒரு ஜோடித் தட்டு. காலால் போடுகிற ஜால்ரா என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் போடுகிறவர்கள் எங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருந்தார்கள்.

பர்சனல் மேனேஜரிடம் ஒரு வெளிநாட்டு இசைத்தட்டின் உறை இருந்தது. அதில் ஆறடிக்கு மேல் உயரமான ஒரு முடிக்காரர், தலைக்கு மேலே சிம்பல்கள் மின்ன, இதே போன்றதொரு செட்டுக்குப் பின்னால் இருந்தார். "இதே மாதிரி இருக்கணும்" என்று மேனேஜர் உத்தரவிட்டார். கேன்டீன் மேடையில் அதே மாதிரி அடுக்கினார்கள். முனிரத்தினம் போய் உட்கார்ந்தார். காணாமல் போனார். சிம்பல் ஒலிக்கிற நேரத்தில் மட்டும் ஒரு கை மேலே வந்து போகும், கிணற்றில் விழுந்தவர் ஆள் கூப்பிடுவது போல.

பத்து நாளில் வலது தோள் பிடித்துக்கொண்டது. பதினோராம் நாள் ஷிஃப்ட் முடிந்து என் அறைக்கு வந்து நின்றார்.

"ராயக்கோட்டை மலைமேல ஏறிட்டு எறங்க வழி தெரியாதவன் மாதிரி இருக்குது சார். அரை மணி வாசிச்சா கை தூக்க முடியல. ஆயுதபூஜைக்கு மூணு மணி நேரம் புரோகிராம். முடியாதுன்னா பெங்களூர்ல இருந்து ஆள் கொண்டாந்துக்கறேன், அவரையே வெச்சிக்கறேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"கொண்டுவரட்டுமே. உனக்கும் தோள் மிச்சம்."

அவர் என் நாற்காலியைப் பார்த்தார். "நாள் முச்சூடும் பிரஸ் முன்னால நின்னுக்கினே இருக்கறேன் சார். இந்தக் கம்பெனி எனக்கு ஒக்கார எடம்னு குடுத்தது அது ஒண்ணுதான்."

நான் ஸ்டாப்வாட்ச்சை மேசையில் வைத்துவிட்டு அளவு டேப்பை எடுத்துக்கொண்டேன்.

ஒர்க் ஸ்டடி ஆள் டிரம்மரை அளக்கிறார் என்றதும் ஷாப்பே கேன்டீனுக்கு வந்துவிட்டது.

"இன்னா சார், பாட்டுக்கு இத்தினி அடின்னு நார்ம்ஸ் போடப் போறீங்களா?"

"மிச்சமாவற அடிய அடுத்த ஷிஃப்டுக்குக் குடுத்துடுவாரு."

"முனி, மெதுவா அடிடா. இன்னிக்கு வேகமா அடிச்சா நாளைக்கு அதான் கணக்கு."

முதலில் ஸ்டூல். தொடை இடுப்பிலிருந்து முழங்காலை நோக்கி லேசாகச் சரிய வேண்டும், பாதம் முழுவதும் மிதியில் படிய வேண்டும். கால்கள் தாமாக எங்கே விழுகின்றனவோ அங்கே இரண்டு மிதிகளும் வரவேண்டும். அவற்றுக்கு நடுவில் சின்ன டிரம், குச்சி தொடையில் இடிக்காத உயரத்தில். மற்ற டிரம்கள் ஆளைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். முழங்கை விலாவை விட்டு அதிகம் விலகாமல் எட்டுகிற தூரத்தில் சிம்பல்கள். அவ்வளவுதான். நான் அதைப் பத்தொன்பது படிகளாக்கி, படத்தோடு, கையெழுத்துக்கு மூன்று கட்டம் விட்டு ஒரு தாளாகத் தட்டச்சு செய்தேன். சிம்பல்களை இறக்க மேனேஜர் சம்மதிக்க மாட்டார் என்றார்கள். "இறக்கினால் பின்னால் இருக்கும் பேனரில் உங்கள் பெயர் முழுதாகத் தெரியும் சார்" என்றேன். உடனே சம்மதித்தார்.

தரை விரிப்பில் ஒவ்வொரு ஸ்டாண்டின் காலுக்கும் மஞ்சள் பெயின்ட்டில் குறி வைத்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்டூல் மட்டும் வாசிக்க வாசிக்கத் திருகு நழுவிக் கீழே இறங்கியது. எங்கள் தொழிலில் நழுவுவதற்கு ஒரே மருந்துதான். வெல்டர் கிருஷ்ணப்பாவைக் கூப்பிட்டு, சரியான உயரத்தில் நிறுத்தி, மூன்று இடத்தில் வெல்டு வைக்கச் சொன்னேன்.

"பேடா சார்" என்றார் கன்னடத்தில். வேண்டாம் என்று தமிழில் சொன்னால் நான் கேட்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். "மனுஷ கூத்கொள்ளோ ஸ்டூலு இது. மெஷின் பவுண்டேஷன் அல்ல."

மனிதன் உட்காருவது என்றால் என்ன, அளவு அளவுதான் என்றேன். வைத்துக் கொடுத்தார்.

ஒத்திகைகள் பிரமாதமாக நடந்தன. ஷிஃப்ட் முடிந்ததும் முனிரத்தினம் அப்படியே வந்து உட்கார்வார். தோள் வலி போயிற்று. மேனேஜரின் பெங்களூர் பேச்சும் குறைந்தது. நானும் அந்த நாட்களில் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

ஆயுதபூஜை வந்தது. அன்று எங்கள் பக்கத்தில் எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் எண்ணெய் வாசனை இருக்காது. சந்தனம், சாம்பிராணி, வாழைக்கன்று, பொரி. மெஷின்களைக் கழுவிப் பொட்டு வைத்தார்கள். ஸ்பேனர், சுத்தியல், இரும்பறுக்கும் ஹாக்ஸா எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பூப்போட்டார்கள். என் ஸ்டாப்வாட்ச்சையும் யாரோ கேட்டு வாங்கிக்கொண்டுபோய்ச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். மறுநாள் காலைவரை யாரும் எதையும் தொடக்கூடாது என்பதில், அந்த ஒரு கருவியைப் பொறுத்தவரை, ஷாப்பில் தனிப் பக்தி தெரிந்தது. டிரம்ஸும் ஒரு ஆயுதமே என்று ஒவ்வொரு டிரம்முக்கும் சந்தனமும் குங்குமமும் ஆயிற்று; சாயங்காலம் வாசிக்க வேண்டியிருந்ததால் அதற்கு மட்டும் தொடக்கூடாது என்பதிலிருந்து விலக்கு.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, வெள்ளைச் சட்டையில் வந்த முனிரத்தினம், மேடைப் படியருகே ஷூவைக் கழற்றி வைத்தார்.

"ஏன்யா?" என்றேன்.

"பூஜை ஆயிருக்குது சார். ஷூ காலோட எப்பிடித் தொடறது?"

"அதை அடிக்கிறதே காலாலதானே?"

"அதுக்கு மொத்தமா ஒரு தடவ மன்னிப்புக் கேட்டுக்கினேன் சார். ஷூவுக்குக் கேக்கல."

உட்கார்ந்தார். குதிகால் தொங்கியது. விரல் நுனி மட்டுமே மிதியைத் தொட்டது. ஸ்டூலின் விளிம்பு தொடையை அறுத்தது. அப்போதுதான் புரிந்தது: நான் அளந்தது முனிரத்தினத்தை அல்ல. ஷிஃப்ட் முடிந்து வந்தவரை, பாதுகாப்பு ஷூவோடு அளந்திருக்கிறேன். அதன் அடிப்பாகம் மட்டும் ஒன்றேகால் அங்குலம். அந்த ஒன்றேகால் அங்குலத்தைத்தான் மூன்று இடத்தில் வெல்டு வைத்து நிரந்தரமாக்கியிருந்தேன். ஒரு பாட்டை வாசித்துப் பார்த்தார். முடிவதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

திரைக்கு அந்தப் பக்கம் குடும்பங்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன. மூன்றாவது வரிசையில் முனிரத்தினத்தின் மனைவி, பிள்ளைகள், முதல்முறையாக ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா. முதல் வரிசையில், கூர்மூக்கு ஷூ அணிந்த ஒருவர். எதற்கும் இருக்கட்டும் என்று மேனேஜர் பெங்களூரிலிருந்து வரவழைத்திருந்த டிரம்மர்.

மேனேஜர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். "என்ன, அவரக் கூப்பிடட்டுமா?"

"பத்து நிமிஷம் சார்" என்றேன். பிறகு கிருஷ்ணப்பாவிடம் தணிந்த குரலில், "ஹாக்ஸா" என்றேன்.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "பூஜைல இருக்குது சார்."

"அவசரம்பா."

"நாளைக்குக் காலைல கேளுங்க. மொத வேலையா அறுத்துக் குடுக்கறேன்."

அன்றே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தான் வைத்த வெல்டைக் குனிந்து பார்த்து, நன்றாகத்தான் பிடித்திருக்கிறது என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

முனிரத்தினம் எங்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். எழுந்து பின்பக்கச் சமையலறைக்குள் போனார். வரும்போது கையில் ஒரு தக்காளிப் பெட்டி இருந்தது. ராயக்கோட்டைச் சந்தையிலிருந்து கேன்டீனுக்கு வருகிற மரப்பெட்டி. ஸ்டூலைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். தாழ்வாக இருந்தது.

"அண்ணா, சாக்கு" என்றார்.

கிருஷ்ணப்பா அரிசிச் சாக்குகளை மடித்து ஒவ்வொன்றாக அடியில் கொடுத்தார். முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு, வெறுங்காலை மிதியில் வைத்து அமுக்கிப் பார்த்தார்.

"இன்னொண்ணு. ம். இன்னும் ஒண்ணு. பாதி எடு."

"சாக்குல பாதி எப்பிடிப்பா எடுக்கறது?"

"ஒரு மடிப்பப் பிரிச்சிடுண்ணா."

பிரித்தார். முனிரத்தினத்தின் முகம் மாறியது. பிறகு கையைத் தொங்கவிட்டு, சும்மா வீசிப் பார்த்தார். கை போய் விழுந்த இடத்துக்கெல்லாம் ஒவ்வொரு டிரம்மையும் இழுத்துக்கொண்டார். சிம்பல்களின் திருகுகளை விரலாலேயே தளர்த்தி, இறக்கி, சாய்த்து, முடுக்கினார். மஞ்சள் குறிகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பத்தொன்பது படித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்ல முடியாது. என் ஸ்டாப்வாட்ச்சும் பூஜையில் இருந்தது.

மேனேஜர் மறுபடி வந்தார். "தக்காளிப் பெட்டியா?"

"முன்னாலேர்ந்து பாத்தா தெரியாது சார்" என்றார் முனிரத்தினம். "பேனர்ல உங்க பேருதான் தெரியும்."

மூன்று மணி நேரம் வாசித்தார். என் தாளின்படி அமைத்திருந்த ஒத்திகைகளில் நன்றாக வாசித்தவர், அன்று வாசித்தது வேறு. கை எங்கேயும் எதையும் தேடவில்லை. நடுவில் எழுந்து காலை உதறவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. அவருடைய அம்மா பாட்டுப் பாடியவர்களை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

முடிந்ததும் பெங்களூர்க்காரர் மேடைக்கு ஏறி வந்தார். பெட்டியைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். ஷூவைக் கழற்றிவிட்டு அதில் உட்கார்ந்து, காலால் இரண்டு மிதி மிதித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில், "சென்னாகிதே" என்றார். எத்தனை சாக்கு என்று கேட்டுக்கொண்டு சாப்பிடப் போனார். அதன்பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"என்ன முனி, உட்கார இடம் நிலைத்துவிட்டதா?" என்றேன்.

"கம்பெனி குடுத்த எடம்னு உங்க கிட்ட தப்பாச் சொல்லிட்டேன் சார். கேன்டீன்காரன் குடுத்தது."

மறுநாள் தாளைத் திருத்தினேன். பத்தொன்பது படிகளை அடித்துவிட்டு ஒரே படி எழுதினேன்: முதலில் முனிரத்தினத்தை உட்கார வைக்கவும், மற்றவை அவர் சொல்கிறபடி. மூன்று கட்டத்திலும் கையெழுத்தாயிற்று.

தொண்ணூறுகளில் தரச் சான்றிதழ் காலம் வந்தது. ஆடிட்டர் என் கோப்பைப் புரட்டும்போது இந்தத் தாளில் நின்றார். செயல்முறையில் ஆளின் பெயர் வரக்கூடாது, பதவிதான் வரவேண்டும் என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. 'டிரம்மரை உட்கார வைக்கவும்' என்று மாற்றினேன். வருடத்துக்கு ஒரு முறை பரிசீலித்துக் கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு எல்லாம் வரிசையாகப் போயின. கீபோர்டு ஒன்று வாங்கினார்கள், அதற்குள்ளேயே டிரம்ஸ் இருந்தது. பெரிய செட்டைப் பழைய சாமான் பட்டியலில் சேர்த்தார்கள். பிரஸ் ஷாப்பை மூடினார்கள். முனிரத்தினம் விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேப்பனப்பள்ளிக்குப் போனார். பாட்டு நின்றது. கேன்டீன் மேடையை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள்.

அந்தத் தாள் மட்டும் கோப்பில் இருந்தது. வருடாவருடம் மேசைக்கு வரும். நான் ஓய்வு பெற்ற வருடமும் வந்தது. 'டிரம்மரை உட்கார வைக்கவும்' என்பதை ஒரு முறை படித்துவிட்டு, பரிசீலனைக் கட்டத்தில் 'மாற்றம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.