ஃபாரத்தில் இல்லாத கட்டம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஏழு மாதமாக அலமாரி. உள்ளே பழைய பேப்பர்களும் கரண்ட் பில்களும் அடுக்கியிருக்கின்றன. மாதுங்காவில் வீடு, புது ஃபிரிட்ஜ், ஆனாலும் தினம் பால் திரிகிறது என்றால் கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்களா? பிளக்கைப் பிடுங்கியவர் என் கணவர் வேங்கடசுப்ரமணியன். உணவுக் கடைகளைச் சோதனை போடும் இன்ஸ்பெக்டர்.

மனுஷர் மகா கறார். கடைக்காரர்கள் கொடுக்கும் ஒரு வாய் காபியைக்கூடத் தொட மாட்டார். விக்ரோலியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பந்தியில் உட்காருவதற்கு முன் சமையல்கட்டில் நுழைந்து தண்ணீர் டிரம்மை எட்டிப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று.

"உங்களோட வந்தா ஒரு வாய் நிம்மதியா சாப்பிட முடியறதா?" என்று வழியெல்லாம் சண்டை போட்டேன்.

அப்பேர்ப்பட்டவர்தான் போன ஜூலையில் தாராவியில் ராஜபாண்டி கடைக்குப் போனார். பால், தயிர், இட்லி மாவு விற்கிற சின்னக் கடை. ராஜபாண்டியின் மனைவி மாரீஸ்வரிதான் அப்போது இருந்திருக்கிறாள். தலையில் துணி கட்டியிருந்தாள், மாவு பாக்கெட்டில் தேதி சரியாக இருந்தது, எலிப் புழுக்கை இல்லை. தயிர் போதுமான குளிரில் இருக்கிறதா என்று பார்க்க இவர் ஃபிரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டார். சுரீரென்று கரண்ட் அடித்தது. கையை உதறிக்கொண்டு ஃபாரத்தைப் பார்த்தார். தண்ணீர், எலி, தேதி, லைசென்ஸ் என்று வரிசையாகக் கட்டங்கள். கரண்டுக்குக் கட்டம் இல்லை. எல்லாவற்றிலும் டிக் போட்டு நல்ல மார்க் கொடுத்தார். மழை வேறு, இன்னும் நாலு கடை பாக்கி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் பெருமழையில் கடைக்குள் தண்ணீர் ஏறியது. தயிர் எடுக்கப் போன மாரீஸ்வரி அந்தக் கைப்பிடியைப் பிடித்தபடியே செத்துப்போனாள். முப்பத்தொரு வயசு.

பேப்பரில் அதைப் படித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டு பிளக்கைப் பிடுங்கினார். காரணத்தை என்னிடம் சொல்லவே ஒரு மாதம் ஆயிற்று. ஐரோலியில் எங்கள் மகள் மானசா வீட்டுக்குப் போனால், ஃபிரிட்ஜ் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார், யாரையும் கிட்டே விடுவதில்லை. சாப்பிடும்போது பாதியில் கை நின்றுவிடும்.

"பாகீ, அவ வாசல்ல நிக்கறா பாரு. உள்ளே வரச் சொல்லேன்" என்பார். தலையில் அதே துணியாம்.

எங்கள் வாசலில் செருப்பு ஸ்டாண்டைத் தவிர ஒன்றும் கிடையாது. நான் சத்தம்தான் போடுகிறேன். ஆனால் எனக்கும் பயம். கொஞ்ச நாளாக நானும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் கதவைச் சாத்துகிறேன்.

போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்னா, அந்தக் கடைக்காரப் பிள்ளையாண்டான்கிட்ட போய் உள்ளதைச் சொல்லிடுங்கோ."

"சொன்னா என்ன பண்ணுவான்?"

"திட்டுவான். அடிச்சாலும் வாங்கிக்கோங்கோ. இப்படி தினம் செத்துப் பிழைக்கறதுக்கு அது தேவலை. மனசாவது ஆறும்."

வரமாட்டேன் என்றவரைக் கையைப் பிடித்து டாக்சியில் ஏற்றினேன்.

ராஜபாண்டி இவரை உடனே அடையாளம் கண்டுகொண்டான். "வாங்க சார், வாங்கம்மா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். இவர் உட்காரவில்லை. நின்றபடியே, "அன்னிக்கு எனக்கும் கரண்ட் அடிச்சுதுப்பா. தெரிஞ்சும் சொல்லாம போயிட்டேன்" என்றார். அவன் எப்போது கை ஓங்குவானோ என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவன் திட்டவே இல்லை.

"தெரியும் சார். அந்தப் பொட்டி லேசா அடிக்கும்னு எங்களுக்கு முந்தியே தெரியும். நீங்க கைய உதறுனத அவ பாத்திருக்கா. அன்னைக்குச் சாயந்தரம் மெக்கானிக்கக் கூட்டியாரக் கெளம்புனேன். அவதான் வேண்டாம்னுட்டா."

"ஏன்?" என்று கேட்டவள் நான்தான். கேட்டிருக்கக் கூடாது.

"'ஆபீசரே தொட்டுப் பாத்துட்டு ஒண்ணும் எழுதாமப் போயிருக்காவ. ஆபத்துன்னா சும்மா விட்டிருப்பாவளா?'ன்னு சொன்னா, அம்மா."

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாவி, இதைச் சொல்லாமல் இருந்தால் என்ன என்று ராஜபாண்டி மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் என்ன செய்வான்? மனசு ஆறும் என்று இவரை இழுத்துக்கொண்டு வந்தவள் நான்.