என்ன அமுக்கினீங்க?

கணக்கு சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த காலத்தில் என் வாயில் ஒரு கேள்வி எப்போதும் தயாராக இருக்கும். திரையில் எது கோளாறானாலும், கரண்ட் போனால்கூட, எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, "என்ன அமுக்கினீங்க?" என்று கேட்டுவிடுவேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் கேட்டோம். கேட்டவுடன் அவர் பதறிப்போய்க் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அந்த இரண்டு நிமிடத்தில் நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரத்தில் கடை கடையாகப் போய்ச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஒரு தோள்பையில் பத்து ஃப்ளாப்பி, ஒரு டைரி, ஒரு குடை. நான்கு வருடம் ஓர் ஆடிட்டரிடம் இருந்துவிட்டு, ரோஷத்தில் வெளியே வந்தவன் நான். ரோஷம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. மாதச் சம்பளம் கிடையாது என்பது தினமும் காலையில் கண் விழித்தவுடன் படுக்கையிலேயே கணக்குப் போட வைக்கும். நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த மாதம் அந்தக் கடைக்கு நான் வேண்டாம். மோசமாகச் சொல்லிக்கொடுத்தால் இந்த மாதமே வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் எப்படியோ வாடகை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடை தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. கயிறு, ஆணி, பெயிண்ட், படகு இஞ்சினுக்கான உதிரிகள். விழிஞ்ஞத்துப் படகுக்காரர்கள்தான் பெரிய வாடிக்கை, பாதிக்கு மேல் கடன். முதலாளியின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வேரூன்றியவர். முதலாளியின் பேச்சில் தமிழ் எங்கே முடிந்து மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியாது. கணக்கெழுதியவர் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும், நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. கணவர் லாட்ஜ் வேலையில் முதுகு போய் வீட்டோடு இருந்தார். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் என்னை சார் என்றார்.

முதல் நாளே முதலாளி அவர் முன்னாலேயே சொல்லிவிட்டார். "சாரே, ரெண்டரை மாசம் டைம். படகுக்காரங்க பாக்கி முழுசும் கம்ப்யூட்டர்ல இருந்து பேப்பர்ல வரணும். இவங்களால முடிஞ்சா சந்தோஷம். பற்றாதுன்னா பி.காம் படிச்ச ஒரு பெண்குட்டியை எடுக்கணும். பின்னே என்ன செய்ய?"

அக்கா முந்தானையால் கீபோர்டைத் துடைத்தார்.

பயம் போக்க என்னிடம் ஒரு வழி இருந்தது. கம்ப்யூட்டரில் பழக்கத்துக்காக ஒரு பொய்க் கம்பெனியை உண்டாக்குவேன். இஷ்டத்துக்கு வாங்கலாம், விற்கலாம், தப்பு செய்யலாம். கடைசிப் பாடம் முடிந்ததும் அந்தக் கம்பெனியை மொத்தமாக அழிக்கச் சொல்வேன். ஒரு கம்பெனியையே அழித்துப் பார்த்தவர்களுக்கு அதற்குப் பிறகு எந்த விசையைத் தொடவும் கை நடுங்காது. வழக்கமாக அதற்கு ஏ.பி.சி. டிரேடர்ஸ் என்று பெயர் வைப்பேன். அக்காவுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. பில்லின் தலையில் கடைப்பெயர் அடித்து வந்தால்தான் வேலை செய்த மாதிரி இருக்கிறது என்றார். சரி என்று பொய்க் கம்பெனிக்கும் கடையின் பெயரையே வைத்தேன். பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை இருந்தது. பாடம் தொடங்கும்போது மேலே இருப்பது நிஜம், கீழே இருப்பது பழக்கம் என்று சொல்லிக்கொடுத்தேன்.

பொய்க் கம்பெனியில் அக்கா தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் வியாபாரம் செய்தார். மாமியாருக்கு நூறு கிலோ ஆணியைக் கடனுக்கு விற்றார். "கெழவி தரமாட்டா, எழுதி வச்சுக்கிடுவோம்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

நிஜக் கம்பெனியில் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு பில்லாக ஏற்றிக்கொண்டு வந்தார். கையால் எழுதும் தினக்கணக்கை நிறுத்தச் சொன்னது நான்தான். இரண்டு இடத்திலும் எழுதினால் கம்ப்யூட்டர் பழகவே பழகாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பயந்துகொண்டே நிறுத்தினார்.

ஜூன் மாதம், நல்ல மழை. கெடு முடிகிற சமயம். முதலாளி அண்ணன் மகன் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தார், திங்கட்கிழமை காலை வருவார், வந்ததும் பாக்கிப் பட்டியல் மேஜையில் இருக்க வேண்டும். அன்று வியாழன். எனக்கு மலைப்பக்கம் வித்துராவில் ஒரு புதுக் கடை கிடைத்திருந்தது, எஸ்டேட்டுகளுக்குச் சாமான் அனுப்புகிற பெரிய கடை. இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். கடைசிப் பாடம் முடிந்து, பொய்க் கம்பெனியை அழிக்க வேண்டிய நேரம். அக்கா நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கீபோர்டை என் பக்கம் இழுத்து, கீழே இருந்ததை நானே அழித்தேன். நிச்சயமா என்று கம்ப்யூட்டர் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்றேன்.

கடைசியாகத் திறந்த கம்பெனி பட்டியலில் மேலே ஏறிவிடும்; அன்று பாடத்துக்காகக் கடைசியாகத் திறந்தது பொய்க் கம்பெனி. அது எனக்குத் தெரியும். அதைத்தான் மாதக்கணக்காக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மிச்சமிருந்த கம்பெனியைத் திறந்தேன். மாமியார் பெயரில் நூறு கிலோ ஆணி இருந்தது.

அந்த நேரத்தில் வாய் பழக்கதோஷத்தில் கேட்டது: "என்ன அமுக்கினீங்க?"

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டார். "நான் எதையாவது தொட்டுட்டேனா சார்?"

இல்லை, நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லை அக்கா, பாத்துக்கலாம்" என்றேன்.

ஃப்ளாப்பியில் நகல் இருந்தது. மூன்று ஃப்ளாப்பியில் இரண்டாவதைக் கம்ப்யூட்டர் கரகரவென்று சுரண்டிவிட்டுத் துப்பியது. மூடியை நகர்த்திப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை. இந்த ஊர் மழையில் செருப்பே பூக்கும், ஃப்ளாப்பி எம்மாத்திரம். கையெழுத்துத் தினக்கணக்கும் இல்லை, என் புண்ணியத்தில். மிச்சம் இருந்தது கம்பியில் குத்தி வைத்திருந்த பில்கள் மட்டும், இரண்டரை மாதத்துப் பில்கள்.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வித்துராவுக்குப் போன் போட்டு, இன்று வர முடியாது என்றேன். "என்னால் இனி வரண்டா" என்று வைத்துவிட்டார்கள். அப்படியென்றால் இனி வர வேண்டாம் என்று அர்த்தம்.

வியாழன் மதியத்திலிருந்து சனி சாயங்காலம் வரை நான் பில்லை வாசித்தேன், அக்கா ஏற்றினார். பாதிப் படகுக்காரர்களுக்கு ஒரே பெயர் என்பதால் பில்லில் படகின் நிறத்தையும் எழுதியிருப்பார்கள். நீலப் படகு, வெள்ளைப் படகு, சிவப்புக் கோடு போட்டது. கம்பி துருப்பிடித்து, சில பில்களில் தொகை இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் யு.பி.எஸ். கத்தும், நான் வாசிப்பதை விட்டுத் திரையைப் பார்ப்பேன். அக்காவின் விரல்களோ நேரம் ஆக ஆக வேகம் பிடித்தன. வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் அவர் திரையைவிட்டுக் கீழே பார்க்கவே இல்லை. சனிக்கிழமை நான் வாசித்து முடிக்குமுன் "அடுத்தது சார்" என்றார்.

நடுநடுவே அவர் பெருமூச்சு விடுவார். உடனே நான், "பரவாயில்லை அக்கா, யாருக்கும் வரும்" என்பேன். எத்தனை தடவை சொன்னேனோ, கணக்கில்லை. சொல்லச் சொல்ல எனக்கே கொஞ்சம் பெருந்தன்மையாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து, சாலை என்கிற பெரிய கடைத்தெருவில் நான் போகிற ஐந்து கடைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். விஷயம் வெளியே தெரிந்தால் எத்தனை விரல் மடங்கும் என்று பார்த்தேன். ஒன்றும் நிமிர்ந்து நிற்கவில்லை.

திங்கட்கிழமை பட்டியல் அடித்து மேஜையில் வைத்தோம். முதலாளி சட்டைப்பையிலிருந்து தன் சின்ன நோட்டை எடுத்து, ஒவ்வொரு பெயராகப் பேனாவால் தட்டிக்கொண்டு வந்தார். பேனா நின்றது.

"பச்சைப் படகுக்காரன் எவிடெ? மே மாசம் ரெண்டு கட்டு கயிறு கொண்டுபோனானே?"

அந்தப் பில் கம்பியிலிருந்து எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். அக்கா எழுந்து நின்றார்.

"முதலாளி, ஒரு காரியம் சொல்லணும். வியாழக்கிழமை கணக்கு முழுசும் அழிஞ்சு போச்சு. என் கைதான் தப்பிருச்சு. திரும்ப எல்லாத்தையும் ஏத்தினோம், இது ஒண்ணு விட்டுப் போயிருக்கு."

முதலாளி அவரைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "சாரே, கடைகடையா நடந்து என்ன கிட்டும்? நீங்களே இங்கே வந்து இருந்துடுங்க. மாசச் சம்பளம்." ஒரு தொகை சொன்னார். ஐந்து கடை அலைந்தாலும் எனக்கு வராத தொகை.

அக்கா தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உடனே பேசவில்லை. இதை மறைக்க முடியாது. வாடகை ஞாபகம் வந்தது, வித்துரா ஞாபகம் வந்தது, காலையில் கணக்குப் போடாமல் கண் விழிப்பது எப்படி இருக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். பிறகுதான் வாய் திறந்தது.

"அழிச்சது நான். கீபோர்டு என் கையில இருந்துது. அவங்க தொடவே இல்லை. திரும்ப ஏத்தினது முழுக்க அவங்கதான். பி.காம் படிச்சவங்க யாரும் மூணு நாள்ல இதைச் செய்ய மாட்டாங்க."

முதலாளி என்னையே பார்த்தார். "பின்னே இத்தனை நேரம் வாயில என்ன வச்சிருந்தீங்க?"

அவர் நோட்டை மூடினார். அக்கா அக்காவின் இடத்திலேயே இருக்கட்டும் என்றார். எனக்கு வர வேண்டிய மீதிப் பாதி ஃபீஸை மறந்துவிடச் சொன்னார். "சாலைக் கடைத்தெருவில நானா போய் ஒண்ணும் பறைய மாட்டேன். ஆனா ஆராவது கேட்டா கள்ளம் சொல்ல மாட்டேன், கேட்டோ." நியாயமான தீர்ப்புதான். படியிறங்கினேன்.

குடையை மறந்திருந்தேன். அக்கா எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "மன்னிச்சிருங்க அக்கா" என்றேன்.

"அழிஞ்சதுல எனக்கு வருத்தம் இல்ல சார். கை ஆருக்கும் தப்பும். கீபோர்டு அன்னைக்கு உங்க கையிலதான் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? எனக்குக் கண்ணு இருக்கு. முதலாளிகிட்ட என் பேர்ல சொன்னதும் நானா சொன்னதுதான். என்னைய ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்டுருவாரு, உங்களைன்னா ஒரு கடையிலயும் ஏத்த மாட்டாங்கன்னு நெனச்சேன்." குடையை நீட்டினார். "ஆனா மூணு நாளா பரவாயில்லை அக்கா, பரவாயில்லை அக்கான்னு எனக்கு மாப்பு குடுத்துக்கிட்டே இருந்தீங்களே சார். அது மட்டும் வேண்டாமா இருந்துச்சு."

குடையை வாங்கிக்கொண்டு நின்றேன். இப்போது அவர் எனக்கு ஒரு பரவாயில்லை சொல்வார் என்று காத்திருந்தேன் போலிருக்கிறது. அவர் உள்ளே போய், பச்சைப் படகுக்காரரின் இரண்டு கட்டுக் கயிற்றை ஏற்ற உட்கார்ந்துவிட்டார்.