குண்டுவின் கிண்ணம்

என் தங்கை தையல்காரி. வீட்டில் இருந்தபடியே பேன்ட்டைக் குட்டையாக்குவாள், தொளதொள சட்டையைப் பிடித்துத் தருவாள். இரட்டைப் பெண்கள் நடக்க ஆரம்பித்ததும் கத்தரிக்கோலும் ஊசியும் இருக்கும் அறையில் அவர்களை விட முடியவில்லை. சமைக்கும்போது கூடவே உட்காரவைத்துக்கொண்டாள். இரண்டு குட்டி ஸ்டூல், ஆளுக்கொரு கிண்ணம், ஆளுக்கொரு பிடி பட்டாணிக் காய். உரித்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

குண்டு உரிக்க உரிக்க வாயில் போட்டுக்கொள்வாள். சிட்டு ஒன்றைக்கூடத் தின்ன மாட்டாள். பச்சைப் பட்டாணி நாக்கில் பட்டாலே குமட்டும். "ஒருத்தி சம்பாதிக்கிறா, ஒருத்தி ஏப்பம் விடறா" என்று நான் கேலி செய்வேன். அப்படிச் சொன்ன வாயை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறு மாதத்துக்கு முன் நாலே நாள் காய்ச்சலில் குண்டு போய்விட்டாள். மூன்று வயதுகூட முடியவில்லை.

சில நாள் கழித்து, கைப்பழக்கத்தில் தங்கை இரண்டு கிண்ணங்களையும் வைத்துவிட்டாள். வைத்தது உறைத்ததும் சுவரில் சாய்ந்து அழுதாள். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் குண்டுவின் கிண்ணத்தில் வெறும் தோல். அன்றிலிருந்து தினமும் வைத்தாள். அவள் எழுந்து போய் வருவதற்குள் தினமும் காலியானது.

தங்கை மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. வரவே மாட்டேன் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். அவர் கெஞ்சிக் கேட்டதால்தான் அவளிடம் பேச நான் போனேன்.

"சிட்டு தின்னிருப்பாடி," என்றேன்.

"அவளா? பட்டாணின்னா அவ எப்படி ஓடுவான்னு உனக்கே தெரியும். என் குண்டு வரா அக்கா. நான் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா அவ எங்க வந்து தேடுவா?"

ஒரு நொடி நானும் பயந்துபோனேன். பயந்ததை நினைத்துக் கோபமும் வந்தது.

மறுநாள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன், இந்த வயதில். தங்கை கிண்ணங்களை வைத்தாள். யாரோ துணி கொண்டுவந்து கதவைத் தட்ட, எழுந்து போனாள். சிட்டு எட்டிப் பார்த்தாள். குண்டுவின் காய்களை மளமளவென்று உரித்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் போட்டாள். குமட்டியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தி விழுங்கினாள்.

நான் மறைவிலிருந்து வெளியே வந்தேன். "ஏண்டா செல்லம், உனக்குத்தான் பிடிக்காதே?"

"குண்டு சாப்பிடலன்னா அம்மா அழும், பெரிம்மா."

யாருடைய பேன்ட்டையோ கையில் பிடித்தபடி தங்கை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள். மெல்ல வந்து தரையில் உட்கார்ந்து, கன்னத்தில் இன்னும் பட்டாணியை அடக்கியிருந்த குழந்தையின் வாயருகே கையை நீட்டினாள்.

"துப்பிடு கண்ணு. போதும்."

சிட்டு துப்பவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"நீ அழுற," என்று சொல்லிவிட்டு, கிண்ணத்திலிருந்து இன்னொரு பட்டாணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.