வலது கைக்கான இடம்

என் மகள் பிறக்கும்போது தோள் சிக்கி, வலது கைக்குப் போகும் நரம்பு இழுபட்டுவிட்டது. கை துவண்டு தொங்கியது. மூன்று வாரம் அசையாமல் இருக்கட்டும் என்று டாக்டரம்மா சட்டைக் கையை நெஞ்சோடு சேர்த்து ஊக்கு குத்தச் சொன்னார். நான் மூன்று மாதம் குத்தி வைத்தேன். பயம்தான். அவிழ்த்தால் மிச்சமிருப்பதும் அறுந்துவிடுமோ என்று மறுபடி காட்டப் போவதைக்கூடத் தள்ளிப்போட்டேன். என்னைப் போல ஒரு முட்டாள் ஆவடி குவார்ட்டர்ஸிலேயே கிடையாது.

"மூணு வாரம்னுதானேம்மா சொன்னேன்?" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். பிறகு குரலைத் தணித்து விளக்கினார். தோலில் ஒரு சத்து சுரக்கிறதாம். உணர்ச்சி நரம்பு அதைத் தேடித்தான் வளருமாம், அது கிடைத்தால்தான் பிழைக்குமாம். மூளையில் கைக்கென்று ஒரு இடம் உண்டு. தொடுகிற சேதி வந்துகொண்டே இருந்தால் அது கைக்கு. வராவிட்டால் மூளையில் அதற்குப் பக்கத்தில் முகத்துக்கென்று இருக்கிற இடம் அதையும் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் வரிசையில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் போதும், பக்கத்து வீட்டு சைக்கிளும் விறகும் அதன் வாசலில் ஏறிவிடும். என் பிள்ளையின் விரல்களுக்கான இடத்தில் இந்த மூன்று மாதமாக என்னென்ன ஏறியதோ! பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தக் கையை நான் விடவே இல்லை.

அன்றிலிருந்து துண்டு, ரவை, பல் பிரஷ், குளிர்ந்த டம்ளர் என்று கிடைத்ததையெல்லாம் அந்த விரல்களில் தேய்த்தேன். இடது கையைத் தொட்டால் வெடுக்கென்று இழுப்பாள். வலது கையைத் தொட்டால் மின்விசிறியைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் பொறுக்காமல் நறுக்கென்று கிள்ளிவிட்டேன். அதற்கும் சிரித்தாள். பால் ஊற்ற வந்த பால்காரம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா, பச்சக் கொயந்தையப் போயி கிள்ளிக்கினு கீற?"

"அழுறாளான்னு பாக்குறேன்."

"நல்லா பாத்த போ! அல்லாரும் கொயந்த அயுவக் கூடாதுன்னு வேண்டிப்பாங்கோ. உனுக்கு இன்னா, பேய் புட்ச்சிகிச்சா?"

கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் அழுதேன்.

எட்டு மாதம் முடிந்து உட்காரப் பழகியிருந்தாள். ஒரு காலை, அவள் இடது கையில் ரஸ்க் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். வீல் என்று ஒரு அலறல். ஓடி வந்தால், சிந்திய ரஸ்க் தூளில் கிடந்த வலது கை விரல்களில் செவ்வெறும்பு மொய்த்திருந்தது. வேறெங்கும் ஒன்றுகூட இல்லை. அவள் அந்த விரல்களையே பார்த்துப் பார்த்து அலறினாள்.

நான் எறும்பைத் தட்டிவிடவில்லை. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்று அந்த அழுகையைக் கேட்டேன். பிறகுதான் வாரித் தூக்கினேன்.

இன்று அவள் அந்தக் கையால்தான் ஊசியில் நூல் கோக்கிறாள். மூன்று மாதம் ஊக்கு குத்தி வைத்த கதையை அவளிடம் சொல்லியிருக்கிறேன், கிள்ளியதையும் சொல்லியிருக்கிறேன். எறும்பு கடிக்கக் கடிக்க நான் நின்று கேட்டதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.